கைக்குழந்தைக்கு விலை பேசும் புரோக்கர்கள்: ராசிபுரம், திருச்செங்கோடு வழக்குகள் சொல்வது என்ன?

2019 ஏப்ரல் மாதம். வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வேகமாகப் பரவியது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு முழுக்க விலைதான். பெண் குழந்தை என்றால் 2.70 லட்சத்தில் ஆரம்பிக்கும், ஆண் குழந்தை என்றால் 4 லட்சத்தை ஒட்டி வரும். நிறத்தைப் பொறுத்து தொகை கூடும், குறையும். நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தர 70 ஆயிரம் ரூபாய் தனி. 30 வருஷமாக இதைச் செய்துகொண்டிருப்பதாகவும் அந்தப் பெண் சொல்கிறார்.

பேசியவர் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தைச் சேர்ந்த, விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர். அவரும் அவருடைய கணவரும் கைதானார்கள். கொல்லிமலையில் பணியாற்றிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும், இன்னும் சிலரும் அடுத்தடுத்து கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. ராசிபுரம், கொல்லிமலைப் பகுதிகளின் பிறப்புப் பதிவுகளை எடுத்து, பதிவில் இருக்கும் குழந்தை வீட்டிலும் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை நடந்தது.

அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி, ‘பெத்த புள்ளைய விக்க எப்படித்தான் மனசு வருது?’ என்பதுதான். அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் பாதி விஷயம் மறைந்துபோகும். ஒரு குடும்பம் அந்த இடத்துக்கு எப்படி வருகிறது? அந்த நேரத்தில் அதன் அருகில் யார் இருக்கிறார்கள்? சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? அந்த வழி ஏன் அவர்களுக்குத் தெரிவதில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராசிபுரத்தோடு முடிந்ததா?

இல்லை. 2023 அக்டோபரில் அதே நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோடு செய்தியில் வந்தது. இந்த முறை கைதானவர்களில் ஒருவர் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர். இன்னொருவர் பெண் புரோக்கர்.

இந்த வழக்கு வெளியே வந்த விதம்தான் முக்கியம். ஒரு தம்பதிக்கு மூன்றாவதும் பெண் குழந்தையாகப் பிறந்தது. அவர்களிடம் குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் வரை பேரம் பேசப்பட்டது. அவர்கள் குழந்தையைக் கொடுக்கவில்லை. நேராகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். ஒரு சாதாரணக் குடும்பம் ‘மாட்டோம்’ என்று சொன்னதால்தான் அந்தச் சங்கிலி அறுந்தது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொதுவான விஷயம் தெரியும். குழந்தையைத் தேடி வந்தது முகம் தெரியாத கடத்தல் கும்பல் அல்ல. செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், டாக்டர் என்று ஒரு கர்ப்பிணி நம்பிப் போகும் ஆட்கள்தான் குற்றம்சாட்டப்பட்டிருக்கிறார்கள். யார் வீட்டில் கஷ்டம், யாருக்கு எத்தனையாவது பிரசவம், யாருக்குப் புருஷன் துணையில்லை என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அரசு இயந்திரம் குடும்பத்தைக் காப்பாற்றப் பயன்படுத்த வேண்டிய தகவல் அது. புரோக்கர் கைக்குப் போனால் அதுவே வியாபாரச் சரக்கு.

ஏன் இந்தப் பகுதியில்?

நாமக்கல், சேலம் சமவெளியை வெளியிலிருந்து பார்த்தால் ஏழ்மையான ஊர்களாகத் தெரியாது. முட்டை, லாரி, ரிக் வண்டி, விசைத்தறி, ஜவ்வரிசி என்று பணம் புழங்கும் பகுதி. ஆனால், அந்தத் தொழில்களில் கூலிக்கு நிற்கும் குடும்பங்களின் கணக்கு வேறு. கோழிப்பண்ணையிலோ செங்கல் சூளையிலோ தறிப்பட்டறையிலோ வேலைக்குச் சேரும்போதே முன்பணம் வாங்குவது இங்கே பழக்கம். கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி செலவு எல்லாமே அந்த முன்பணத்தில்தான் ஓடும். பிறகு அந்தக் கடனைக் கழிக்கவே வேலை. அதற்கு மேல் வாரத்தவணைக் குழுக்கடன். ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் படுத்தால் தவணை நிற்கும், வட்டி ஏறும்.

இந்தக் கடன் எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு 2025 ஜூலையில் ஒரு சாட்சி கிடைத்தது. பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் அப்போது வெடித்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. திருச்சி, பெரம்பலூரைச் சேர்ந்த இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை உரிமத்தின் மீது நடவடிக்கை பாய்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கிட்னிக்கும் கைக்குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆள் பிடிக்கும் முறை ஒன்றுதான். கடனில் மூச்சுத் திணறும் வீட்டைக் கண்டுபிடி, உடனடியாக ரொக்கம் காட்டு, பேப்பர் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்.

கொல்லிமலையின் நிலை இன்னும் ஒரு படி கடினம். அங்கே பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். மலைக்கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதே ஒரு பயணம். ஒரு சிக்கலான பிரசவம் என்றால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பயணத்தில் கூட வரும் நபர் சொல்வதுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே தகவல்.

மூன்றாவது காரணம், பெண் குழந்தை மீதான பாரபட்சம். நாமக்கல் 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகத்தான் இருந்தது. பெண் சிசுக்கொலை தமிழ்நாட்டையே உலுக்கிய 1990களின் தொடக்கத்தில் உசிலம்பட்டியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் சேலம். 1992இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியதும் சேலத்தில்தான். வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் போடுங்கள் என்றது அந்தத் திட்டம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சேலம் மாவட்டத்தில் 6 வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பிறகு அந்த எண் உயர்ந்தது. ஆனால், ‘மூணாவதும் பொண்ணா?’ என்று முகம் சுளிக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை.

அரசுத் தொட்டிலை ‘குழந்தையைக் கைவிட ஊக்குவிக்கிறது’ என்று விமர்சித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால், அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணம் 1999இலும், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2000இலும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டுக்கு வந்தன. பெற்றவரைக் குற்றவாளி ஆக்காமல் குழந்தையின் உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்பதை அந்த ஊர்களும் ஒப்புக்கொண்டன.

மூன்றாவது குழந்தை எங்கே விடுபடுகிறது?

அரசு உதவியே இல்லையா என்றால், இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. ஆனால், பொதுவாக முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் தலா 25,000 ரூபாய் வைப்புத்தொகை. இதற்கும் பெற்றோர் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருக்க வேண்டும். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த வேண்டும், சிறு குடும்பத்தை ஊக்குவிக்க வேண்டும் என்ற காலத்தில் போடப்பட்ட அளவுகோல் அது. இன்று தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் எப்போதோ குறைந்துவிட்டது. அளவுகோல் மட்டும் மாறவில்லை.

விளைவு என்ன? மூன்றாவது பெண் குழந்தை பிறக்கும் வீட்டில் மகப்பேறு நிதி கிடையாது, வைப்புத்தொகை கிடையாது. திருச்செங்கோட்டில் பேரம் நடந்தது சரியாக அந்த வீட்டில்தான். அரசின் பட்டியல் முடியும் இடத்தில் புரோக்கரின் பட்டியல் ஆரம்பிக்கிறது.

நேரமும் புரோக்கர் பக்கம்தான். சுகப்பிரசவம் என்றால் தாயை 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த இரண்டு நாளில் உடம்பு வலி, தூக்கமின்மை, வீட்டில் காத்திருக்கும் கடன், மாமியார் முகம் என்று எல்லாம் சேர்ந்து அழுத்தும். ‘வளக்க முடியலைன்னா சொல்லு கண்ணு, நல்ல எடமா பாத்துக் குடுத்துடலாம்’ என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அது ஆறுதலாகத்தான் கேட்கும். ஒரு அரசுத் திட்டத்துக்கு மனுப் போட ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு வேண்டும். சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். புரோக்கருக்கு ஒரு ராத்திரி போதும்.

‘நல்ல வீட்டுக்குத்தானே போகுது, என்ன தப்பு?’

ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. குழந்தை இல்லாத தம்பதிக்குக் குழந்தை கிடைக்கிறது, ஏழை வீட்டுக்குப் பணம் கிடைக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். நஷ்டம் குழந்தைக்கு.

விலைக்கு வாங்கப்பட்ட குழந்தையை வாங்கியவர் யார் என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். சட்டப்படியான தத்தெடுப்பில் வீட்டுக்கு நேரில் வந்து விசாரிக்கிறார்கள். வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி எல்லாம் பார்க்கிறார்கள். குழந்தை போன பிறகும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். விற்பனையில் இது எதுவும் இல்லை. வாங்கியவர் குழந்தையை மகளாக வளர்க்கலாம், வேலைக்காரியாகவும் வளர்க்கலாம். இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். பிறப்புச் சான்றிதழே பொய் என்றால் அந்தக் குழந்தை பெரியவளான பிறகு சொத்துரிமை முதல் மரபுவழி நோய் வரை எதற்கும் உண்மையான ஆவணம் இருக்காது. குழந்தைக்கு ஏதாவது குறை இருப்பது பிறகு தெரிந்தால் ‘திருப்பி எடுத்துக்கோ’ என்ற பேச்சும் வரும். பொருளாக வாங்கினால் பொருளாகத்தான் நடத்துவார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81: எந்த நோக்கத்துக்காகவும் குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் 5 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் போல குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்தால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள்.

அதே சட்டத்தின் பிரிவு 80: ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைச் சட்ட நடைமுறைக்கு வெளியே தத்து என்ற பெயரில் கொடுத்தாலோ வாங்கினாலோ 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 143: சுரண்டும் நோக்கத்தில் குழந்தையைக் கடத்தியது நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டுகள், ஆயுள் தண்டனை வரை போகலாம்.

‘நாங்க பத்திரத்துல எழுதிக்கிட்டோம்’ என்பவர்களுக்கு: 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி குடும்பங்களுக்குள் நேரடியாகத் தத்து கொடுக்க இடமுண்டு. ஆனால், அதே சட்டத்தின் பிரிவு 17 தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. ரூபாய் கை மாறினால் ஸ்டாம்ப் பேப்பர் காப்பாற்றாது.

மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை இருக்கிறது. உத்தரப் பிரதேசக் குழந்தைக் கடத்தல் வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறந்த குழந்தை கடத்தப்பட்டால் அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைப்பதுதான் முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டும் என்றது. குழந்தைக் கடத்தல் வழக்குகளை 6 மாதத்தில் விசாரித்து முடிக்கவும் அறிவுறுத்தியது.

வாங்குபவர்கள் ஏன் வருகிறார்கள்?

இந்தச் சந்தையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் சட்டப்படி தத்தெடுக்க மத்திய தத்து வள ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே காத்திருக்கும் தம்பதிகள் 30 ஆயிரத்துக்கும் மேல். 2024-25ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த சட்டப்படியான தத்தெடுப்புகள் 4,515. அதுவே பல ஆண்டுகளில் இல்லாத அளவு. கைக்குழந்தை வேண்டும் என்று பதிவு செய்பவர் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

குழந்தை இல்லை என்பதற்காகக் கல்யாண வீட்டில், கோயிலில், சொந்தபந்தத்தில் தினம் தினம் பேச்சு வாங்கும் தம்பதிக்கு அந்த மூன்று ஆண்டு மிக நீளம். அந்த வேதனையைத்தான் புரோக்கர் காசாக்குகிறார். கடனில் நிற்கும் வீட்டுக்கும் காத்திருந்து சோர்ந்த வீட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பிடுங்குகிறார். குழந்தையைத் தர முடியாத நிலையில் இருக்கும் தாய்க்குச் சட்டவழி தெரிந்திருந்தால், அந்தக் குழந்தை இதே காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒரு வீட்டுக்கு முறையாகப் போயிருக்கும்.

வளர்க்கவே முடியாத நிலை என்றால் சட்டம் தரும் வழி என்ன?

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. குழந்தையை அரசிடம் ஒப்படைப்பது குற்றம் அல்ல. சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 35 அதற்கு வழி வைத்திருக்கிறது. நடைமுறை இப்படிப் போகும்:

1. பெற்றோர் குழந்தையோடு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன் வர வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு இது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இதற்கு உண்டு. நாமக்கல் மாவட்டத்துக்கும் தனிக் குழு இருக்கிறது.

2. குழு முதலில் ஆலோசனை வழங்கும். உதவி கிடைத்தால் வளர்க்க முடியுமா என்று கேட்கும். முடியாது என்றால்தான் அடுத்த கட்டம்.

3. திருமணமானவர்கள் என்றால் இருவரும் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். திருமணமாகாத தாய் தனியாகவே ஒப்படைக்கலாம்.

4. அதன்பிறகு இரண்டு மாத அவகாசம். அந்த 60 நாட்களுக்குள் மனசு மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். அதுவரை குழந்தை சிறப்புத் தத்தெடுப்பு மையத்தில் பாதுகாப்பாக இருக்கும்.

5. அவகாசம் முடிந்த பிறகே குழந்தை தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கப்படும். பெற்றவர்களின் விவரம் ரகசியமாகவே இருக்கும்.

அந்த 60 நாள் ஏன் முக்கியம்? பிரசவம் முடிந்த இரண்டாம் நாள் எடுக்கும் முடிவும், உடம்பு தேறிய நாற்பதாம் நாள் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்காது. புரோக்கரிடம் குழந்தையைக் கொடுத்தால் மனசு மாறிய பிறகு கேட்க ஆளே இருக்காது. கேட்டால், ‘நீயும்தான் காசு வாங்கின, நீயும் உள்ள போவ’ என்ற மிரட்டல்தான் பதில்.

குழந்தையைக் கொடுக்காமலே உதவி பெற முடியாதா?

முடியும். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவைப்படுவதும் இதுதான். குழந்தை வேண்டாம் என்பதல்ல அவர்கள் பிரச்சினை. அடுத்த சில மாதங்களை ஓட்ட முடியவில்லை என்பதுதான்.

‘மிஷன் வாத்சல்யா’ நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் குழந்தைகள், பெற்றோரில் ஒருவர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் குழந்தைகள், தாத்தா பாட்டியிடம் வளரும் ஆதரவற்ற குழந்தைகள் போன்றோருக்கு இது உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து இன்னொருவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்.

கடன் நெருக்கடிக்கும் சட்டம் வந்திருக்கிறது. நிதி நிறுவனங்கள் வீடு தேடி வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுப் போக விடாமல் வைத்திருப்பது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனே செல்லாது.

இந்த உதவிகள் கைக்குழந்தையை மட்டும் காப்பதில்லை. கடன் இறுகும் வீட்டில் மூத்த குழந்தைகளும் தப்புவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்கா தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நிற்பாள், அண்ணன் பண்ணை வேலைக்குப் போவான். ‘ஒரு வாய் குறையுமே’ என்று 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவார்கள். ஒரு வீட்டில் குழந்தைத் தொழிலாளி, குழந்தைத் திருமணம், குழந்தை விற்பனை மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. ஒரே கடனின் மூன்று தவணைகள்.

எருமப்பட்டியில் ஒரு தாய் யாரிடம் போவார்?

திட்டங்களைப் பட்டியல் போடுவது சுலபம். அது ஒரு ஊரில் எப்படி வேலை செய்யும் என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் எருமப்பட்டியை எடுத்துக்கொள்வோம். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம், சுற்றிலும் கோழிப்பண்ணைகளும் வெங்காயக் காடுகளும். இந்த ஊரில் வழக்கு எதுவும் நடந்ததாகச் சொல்ல வரவில்லை. ராசிபுரமும் திருச்செங்கோடும் கொல்லிமலையும் எருமப்பட்டியும் ஒரே மாவட்டம், ஒரே வாழ்க்கைமுறை, ஒரே மாதிரிக் கடன். அவ்வளவுதான்.

இங்கே ஒரு கூலிக் குடும்பத்துப் பெண் மூன்றாவது முறை கர்ப்பமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராம சுகாதாரச் செவிலியர் அவரைப் பதிவு செய்வார். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு இந்தக் கர்ப்பப் பதிவு எண் தேவை என்பதால் பதிவு கட்டாயம் நடக்கும். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நடக்கும். அதாவது, குறைந்தது மூன்று அரசு ஊழியர்கள் பிரசவத்துக்கு முன்பே அவரைப் பல முறை பார்த்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் எழுதுவார்கள், எடை எழுதுவார்கள், ஹீமோகுளோபின் எழுதுவார்கள். ‘வீட்ல எப்படிம்மா இருக்கு? இந்தப் புள்ளைய வளக்க முடியுமா?’ என்று கேட்டு எழுத அந்த அட்டையில் இடம் இல்லை.

குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருப்பது நாமக்கல்லில். அங்கே போக ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ் ஏற வேண்டும், எந்த அலுவலகம் என்று தெரிந்திருக்க வேண்டும். புரோக்கருக்கு இந்தத் தடைகள் கிடையாது. அவரே வீடு தேடி வருவார்.

ஆனால், போன் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 24 மணி நேரமும் இலவசம். ‘எனக்கு வளர்க்க முடியலை, என்ன செய்யறது?’ என்று தாயே கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகத்தைச் சொல்லலாம். பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181. ஆதரவின்றி இருக்கும் குழந்தையைக் கண்டவர், அது மருத்துவமனையாகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது சட்டம்.

என்ன மாற வேண்டும்?

ஒவ்வொரு கைதுக்கும் பிறகு பிறப்புப் பதிவுகள் சரிபார்க்கப்படுகின்றன, சில பேர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்கள், பிறகு செய்தி ஓய்கிறது. 2019க்கும் 2023க்கும் நடுவில் ஒரே மாவட்டத்தில் இரண்டு வழக்குகள் வந்ததே அந்த முறை போதவில்லை என்பதற்கு ஆதாரம்.

முதலாவது, மூன்றாவது குழந்தைக்கான கதவைத் திறக்க வேண்டும். மகப்பேறு உதவியை எத்தனையாவது பிரசவம் என்று பார்த்து நிறுத்துவதால் பிறப்பு குறைவதில்லை. பிறந்துவிட்ட குழந்தைதான் தண்டிக்கப்படுகிறது. குறைந்தபட்சம் பழங்குடியினர், கணவர் துணையற்ற தாய்மார், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு இந்த வரம்பை முழுமையாக நீக்க வேண்டும்.

இரண்டாவது, கர்ப்பிணி அட்டையில் ரத்த அழுத்தத்தோடு குடும்ப நெருக்கடியும் பதிவாக வேண்டும். அந்தத் தகவல் செவிலியரோடு நின்றுவிடக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். பிரசவத்துக்கு முன்பே ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். தகவல் பல பேருக்குத் தெரிந்திருந்தால் ஒருவர் அதை விற்க முடியாது.

மூன்றாவது, ஒவ்வொரு பிரசவ வார்டிலும் தாயின் கண்ணில் படும் இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை வேண்டும். ‘குழந்தையை வளர்க்க முடியவில்லையா? 1098. பணம் வாங்கினால் குற்றம். அரசிடம் ஒப்படைத்தால் குற்றம் இல்லை. 60 நாளுக்குள் திரும்பப் பெறலாம்’ என்ற நான்கு வரி போதும். அது அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும், தனியார் நர்சிங் ஹோமிலும் இருக்க வேண்டும்.

நான்காவது, ஊராட்சிகளில் இருக்கும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் மினிட்ஸ் நோட்டில் மட்டும் கூடக் கூடாது. ஊருக்குள் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மாவட்ட ஆட்சியருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெருவுக்குத் தெரியும்.

திருச்செங்கோட்டுத் தம்பதிக்கு எங்கே புகார் கொடுப்பது என்று தெரிந்திருந்தது. அதே தகவல் எருமப்பட்டியிலும் கொல்லிமலையிலும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிரசவ வலி வருவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையும் சமூகநலத் துறையும் ஒரே வீட்டு வாசலில் சேர்ந்து நின்றால் போதும்.